அம்மா விழுங்கியது பாம்பு விஷமா?

அம்மாவுக்கு இருமல் பிடித்தது போன வருஷம் ஆடி மாதக் கடைசியில். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குள் மயிரிழை ஒட்டிக்கொண்ட மாதிரி ஓர் அரிப்பு, பின்னாலேயே நாலைந்து வறட்டு இருமல். பகலில் சமாளித்துவிடுவாள். ராத்திரி தலையணையில் தலை வைத்ததும் ஆரம்பித்துவிடும். திருவாரூர் பக்கத்து ஊரில் தனியாக இருப்பவள். "பக்கத்து வீட்ல கட்டட வேலை நடக்குது, சிமெண்டுத் தூசி" என்று ஒரு மாதம் ஓட்டினாள். அப்புறம் ஆடாதோடைக் கஷாயம், வாயில் அடக்கிய சித்தரத்தை, மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால். எதற்கும் அது மசியவில்லை. ஊரில் பார்த்த டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார், டி.பி. இருக்குமோ என்று சளிப் பரிசோதனைக்கு எழுதினார். வராத சளியை எங்கே போய்த் துப்புவது? கடைசியில் ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்தைக் கொடுத்தார். அம்மா அதைச் சாமி அலமாரியில் விபூதிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

ஐப்பசியில் என் வீட்டுக்கு, சென்னைக்கு வந்தாள். இரண்டு நாள் ராத்திரி அந்த இருமலைக் கேட்டதும் எங்கள் தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்தது சின்னப் பெண், படிப்பு முடித்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருக்கும். ஸ்டெதாஸ்கோப்பைத் தொடக்கூட இல்லை. "என்னென்ன மாத்திரை போடுறீங்கம்மா?" என்று கேட்டார். அம்மா மஞ்சப்பையிலிருந்து அட்டைகளை எடுத்து மேசையில் கொட்டினாள். அந்தப் பெண் ஓர் அட்டையை மட்டும் திருப்பிப் பார்த்தார். எனலாப்ரில். "இது எப்போலேர்ந்து?" வைகாசியிலிருந்து. "இருமல்?" ஆடியிலிருந்து. பேனாவை எடுத்து அந்த மாத்திரையை அடித்துவிட்டு லோசார்டன் என்று வேறொரு பி.பி. மாத்திரையை எழுதினார். பன்னிரண்டாம் நாள் ராத்திரி வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயமாகி, எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த முறை போனபோது, பி.பி. மாத்திரைக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் உற்சாகமாகிவிட்டார். அந்த மாத்திரை உடம்பில் இரண்டு காரியம் செய்கிறது, ஒன்று நமக்கு வேண்டியது, மற்றது இருமல் என்று சொல்லிவிட்டு, "இதெல்லாம் பிரேசில்ல ஒரு பாம்புலேர்ந்து ஆரம்பிச்ச மருந்து மேடம். நேரம் கிடைச்சா படிச்சுப் பாருங்க" என்றார். இதில் அம்மாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்.

ஆட்டோவில் ஏறியதும் கேட்டாள். "ஏண்டி, அஞ்சு மாசமா பாம்பு வெஷத்தையா முழுங்கிட்டு இருந்தேன்?"

"இல்லம்மா" என்றேன். சொன்ன வேகத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆமாம் என்றால் பொய். இல்லை என்பது உண்மைதானா? அந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்ன என்று மாதக்கணக்கில் அலைந்தேன். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

மாமாவின் கண்ணாடிக் குழாய்

அம்மா கேட்டது விளையாட்டுக்கு இல்லை. 2009-இல் அவளுடைய அண்ணனை, என் மாமாவை, கண்ணாடி விரியன் கடித்தது. நாற்று பறிக்கப் போன விடியற்காலை, வரப்பு ஓரம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கொஞ்சம் ரத்தம் எடுத்து, மருந்து எதுவும் கலக்காமல் ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு ஆடாமல் அசையாமல் மேசையில் வைத்தார். இருபது நிமிஷம் கழித்துக் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. நல்ல ரத்தம் அதற்குள் கட்டியாகியிருக்க வேண்டும். பாம்புக்கடியில் கிராமத்து ஆஸ்பத்திரிகள் நம்பியிருக்கும் சோதனை இவ்வளவுதான்: ஒரு குழாய், ஒரு கடிகாரம். விஷமுறிவு மருந்து ஏற்றி மாமா பிழைத்துக்கொண்டார். சிறுநீரகம் தேறி வர இரண்டு மாதம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் அம்மா மேசைக்கு எதிரே நின்று குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இன்றும் டி.வி.யில் பாம்பு வந்தால் சேனலை மாற்றிவிடுவாள்.

கண்ணாடி விரியன் ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கிறது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். படிக்கப் போனபோது நேர்மாறாக இருந்தது. அந்த விஷம் ரத்தத்தை உறையச் சொல்லித் துரத்துகிறது. உறைதல் சங்கிலியின் நடுவே வரும் பத்தாம் காரணி என்ற புரதத்தை அது நேரடியாகத் தட்டி எழுப்பிவிடும். உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் அந்த வேலை தொடங்கினால் உறைவதற்கான சரக்கெல்லாம் சீக்கிரமே தீர்ந்துபோகும். மாமாவின் குழாயில் ஓடியது சரக்கு தீர்ந்த ரத்தம். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

கினிப் பன்றியின் குடல்

பிரேசில் பாம்பின் பெயர் ஜராராக்கா. நம் விரியன்களுக்குத் தூரத்துச் சொந்தம், குழிவிரியன் வகை. அங்கே பாம்புக்கடி என்றாலே பெரும்பாலும் இதுவும் இதன் நெருங்கிய சொந்தங்களும்தான். 1948 வாக்கில் சாவோ பாவ்லோவில் மௌரிசியோ ரோச்சா இ சில்வா என்பவரும் வில்சன் பெரால்டோ, கஸ்தாவ் ரோசன்ஃபெல்ட் ஆகிய இருவரும் இந்த விஷத்தை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். கடிபட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடுகிறதே, எதனால்? அவர்களுடைய சோதனை மேசை எளிமையானது. உப்பு நீரில் தொங்கும் கினிப் பன்றியின் குடல் துண்டு. அதன்மேல் எதையாவது விட்டால், அது சுருங்குவதை ஒரு நெம்புகோல் கோடாக வரைந்து காட்டும்.

விஷம் கலந்த நாயின் ரத்தத்தை விட்டபோது குடல் சுருங்கியது, ஆனால் மெதுவாக. அவர்களுக்குத் தெரிந்த ஹிஸ்டமினோ அசிட்டைல்கோலினோ என்றால் வெடுக்கென்று சுருக்கியிருக்கும். இது சோம்பேறித்தனமாகச் சுருக்கியது. கிரேக்கத்தில் மெதுவான அசைவு என்று பொருள்பட அதற்கு பிராடிகைனின் என்று பெயர் வைத்து 1949-இல் வெளியிட்டார்கள். நான் இரண்டு தடவை திரும்பப் படித்த இடம் இதற்கு அடுத்தது. பிராடிகைனின் விஷத்தில் இல்லை. நாயின் ரத்தத்திலேயே ஒரு பெரிய புரதத்துக்குள் பூட்டிக்கிடந்த ஒன்பது அமினோ அமிலத் துணுக்கு அது. விஷம் செய்தது பூட்டை உடைத்தது மட்டும்தான். நம் ரத்தத்திலும் அது கிடக்கிறது. அது வெளியே வந்தால் ரத்தக் குழாய்கள் தளரும், அழுத்தம் இறங்கும். இரையை வீழ்த்தும் ஆயுதத்தை இரையின் வீட்டிலிருந்தே எடுக்கிற பாம்பு!

ஆனால் பிராடிகைனின் அற்பாயுசு. உடம்பில் சில நொடிகளில் சிதைந்துவிடும். பின்னே பாம்புக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? ரோச்சா இ சில்வாவிடம் வேலை பார்த்த செர்ஜியோ ஃபெரைரா இதற்கு விடை கண்டு 1965-இல் எழுதினார். அதே விஷத்தில், பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிற ஒரு பொருளும் இருந்தது. ஒரு கை பூட்டை உடைக்க, இன்னொரு கை போலீஸைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஃபெரைரா அந்தச் சரக்கை எடுத்துக்கொண்டு லண்டனுக்கு, ஜான் வேன் என்பவரின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே இருந்த பாக்லே என்ற ஆய்வாளருக்கு வேறொரு நொதியில் அக்கறை. சிறுநீரகத்தின் தூண்டுதலால் ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் என்று ஒன்று உருவாகும். பத்து அமினோ அமிலத்தோடு இருக்கும்வரை அது சாது. அதன் நுனியில் இரண்டை ஒரு நொதி நறுக்கிவிட்டால் எட்டாகி, ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் ஏறும். நறுக்கும் அந்த நொதியின் மேல் பாம்புச் சரக்கை விட்டுப் பார்த்தார்கள். நறுக்குவது நின்றது. பிராடிகைனினைச் சிதைப்பதும் ஆஞ்சியோடென்சினை நறுக்குவதும் ஒரே நொதி என்பது பிறகு தெளிவானது. அந்தச் சின்ன டாக்டர் சொன்ன இரண்டு காரியங்கள் இவைதான். நொதியைத் தடுத்தால் அழுத்தம் இறங்கும். கூடவே, சிதைக்க ஆள் இல்லாமல் பிராடிகைனின் சேரும். சேருகிற இடங்களில் ஒன்று மூச்சுப் பாதை. அங்கே அது நரம்பு நுனிகளைச் சீண்டும்.

அப்படியென்றால் அம்மா அவ்வளவு ராத்திரி இருமியது, 1965-இல் ஃபெரைரா கண்ட அதே வேலையின் சத்தம். ஜராராக்கா கடித்தவருக்குள் நடப்பதில் ஒரு சிறு பங்கு, ஐந்து மில்லிகிராம் அளவில், திருவாரூர் பக்கத்தில் ஒரு மச்சு வீட்டில் நடந்துகொண்டிருந்தது. இது புரிந்த அன்று ஆட்டோவில் சொன்ன 'இல்லம்மா' எனக்கே பொய்யாகத் தெரிந்தது.

வால் நுனி

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ஜான் வேன் அப்போது அமெரிக்காவின் ஸ்க்விப் நிறுவனத்துக்கு ஆலோசகர். அவர் வற்புறுத்தியதால் அங்கே டேவிட் குஷ்மனும், அர்ஜென்டினாவிலிருந்து போன மிகெல் ஒண்டெட்டியும் இதைக் கையில் எடுத்தார்கள். விஷத்திலிருந்து ஒன்பது அமினோ அமிலத் துணுக்கு ஒன்றைப் பிரித்து, ஆய்வகத்திலேயே செய்தும் பார்த்தார்கள். டெப்ரோடைடு. ஊசியாகப் போட்டால் நோயாளிகளுக்கு அழுத்தம் இறங்கியது. வாயால் கொடுத்தால் வயிறு அதைப் பருப்பு மாதிரி செரித்துவிட்டது. ரத்தக் கொதிப்பு ஆயுள் முழுக்க மருந்து கேட்கிற நோய். தினம் ஊசி போட்டுக்கொள்ள யார் வருவார்கள்? ஆயிரக்கணக்கான வேறு ரசாயனங்களைக் குருட்டாம்போக்கில் சோதித்தார்கள். ஒன்றும் தேறவில்லை. வேலை ஏறக்குறைய கைவிடப்பட்ட நிலை.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த மாதம் 1974 மார்ச். மாட்டின் கணையத்தில் உள்ள ஒரு செரிமான நொதியை எப்படித் தடுப்பது என்று வேறு இருவர் எழுதிய கட்டுரை குஷ்மன், ஒண்டெட்டியின் கண்ணில் பட்டது. பாம்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் மாட்டு நொதியின் நடுவில் ஒரு துத்தநாக அணு இருந்தது. தாங்கள் பார்த்தே இராத ரத்த அழுத்த நொதியின் நடுவிலும் துத்தநாகம் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பூட்டைப் பார்க்காமலே சாவி செய்யத் துணிந்தார்கள். பாம்புத் துணுக்கின் வால் நுனியில் இருப்பது புரோலின் என்ற அமினோ அமிலம். அந்தப் புரோலினை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மீதி எட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, துத்தநாகத்தைக் கவ்வ ஒரு கொக்கியை முன்னால் மாட்டினார்கள். முதலில் செய்தது சுமாராகத்தான் வேலை செய்தது. கொக்கியில் கந்தகத்தைப் போட்டதும் சாவி திரும்பிவிட்டது. கேப்டோப்ரில், 1975. அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது 1981-இல். கந்தகத்தின் உபயம், மாத்திரைக்கு லேசான அழுகிய முட்டை வாசனை. சிலருக்கு நாக்கில் ருசியே போய்விட்டது. மெர்க் நிறுவனம் கந்தகத்தை எடுத்துவிட்டு வேறு கொக்கி மாட்டியதுதான் எனலாப்ரில். ஆனால் வால் நுனியில் அதே புரோலின்.

ஆக, அம்மா விழுங்கிய மாத்திரையில் பாம்பின் அடையாளம் என்று இருந்தது ஒரு புரோலின். அதுவும் தொழிற்சாலையில் செய்தது. புரோலின் பாலில் இருக்கிறது, அம்மா மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடித்த அதே பாலில்.

வாட்ஸாப்பில் "நாகப்பாம்பு விஷம் புற்றுநோயைக் குணமாக்கும்" என்று மாதம் ஒன்று வருகிறது. இதைப் படித்த பிறகு அவற்றைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. கண்ணாடித் தட்டில் வைத்த புற்றுச் செல்லைக் கொல்வது பெரிய வித்தை இல்லை. ப்ளீச்சிங் பவுடரும் கொல்லும். ஜராராக்கா விஷத்திலிருந்து கேப்டோப்ரிலுக்கு வர மூன்று நாட்டு ஆட்களும் முப்பது வருஷமும் ஆனது. நம் சுருட்டை விரியனுக்கும் இப்படி ஒரு வாரிசு உண்டு. ரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதை அதன் விஷத்தில் உள்ள ஒரு புரதம் தடுக்கிறது. அந்தப் புரதத்தின் பிடியைப் பார்த்துச் செய்த டிரோஃபிபான் 1998-இலிருந்து மாரடைப்பு சிகிச்சையில் இருக்கிறது. அதிலும் விஷம் ஒரு துளி கிடையாது.

பணம் என்று வரும்போது மட்டும் எனக்கு மனசு ஆறவில்லை. பிரேசில்காரர்கள் கண்டதை எல்லாரும் படிக்கும்படி எழுதி வைத்தார்கள். காப்புரிமை நிறுவனத்திடம் போனது. குஷ்மனும் ஒண்டெட்டியும் செய்தது அசல் மூளை வேலை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. 1999-இல் அவர்களுக்கு மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்ததும் நியாயம்தான். ஆனால் கினிப் பன்றிக் குடலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர் எந்த மாத்திரைக் கதையிலும் முதல் வரியில் வருவதில்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது, "பாம்பு அவங்க ஊரு, லாபம் இவங்க ஊரா?" என்றாள். நான் இவ்வளவு நீட்டியதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

வடநெம்மேலி

மாசி மாதம் மாமல்லபுரம் போகிற வழியில், வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அம்மா இறங்க மாட்டேன் என்றாள். பத்து நிமிஷம் கழித்து அவளே இறங்கி வந்தாள். பாம்புத் தோல் வியாபாரம் சட்டப்படி நின்றுபோன பிறகு, பிழைப்பு இழந்த இருளர்களுக்காக 1978-இல் தொடங்கியது இந்தச் சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு வகைப் பாம்புகள், வாயைத் துணியால் கட்டிய மண் பானைகளில். மூன்று வாரம் வைத்திருந்து நான்கு முறை விஷம் எடுத்துவிட்டு, அடையாளத்துக்கு வயிற்றுச் செதிலில் ஒரு வெட்டு வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். கண்ணாடி விரியனை வெளியே எடுத்தபோது குக்கர் விசில் மாதிரி சீறியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் கண்ணை மூடவில்லை. ரப்பர் கட்டிய கண்ணாடிக் குவளையில் பல் இறங்கியதும் உள்ளே மஞ்சளாக ஒரு சொட்டு வழிந்தது.

"இது எங்கய்யா போவும்?" என்று கேட்டாள்.

"மருந்துக்குத்தாம்மா. பாம்பு கடிச்சா போடுற ஊசி இருக்குல்ல, அதுக்கு."

"எங்க அண்ணனுக்குப் போட்டாங்க, பதினாறு வருசத்துக்கு முன்னால."

"அப்ப இங்கேர்ந்து போனதாத்தான் இருக்கும்மா" என்றார் அவர். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் ஒரு கையில் பாம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார்.

காரில் திரும்பும்போதுதான் அந்தப் பழைய கேள்விக்கு முழுசாகப் பதில் சொன்னேன். விஷம் இல்லை, ஆனால் விஷம் என்ன செய்கிறதோ அதில் ஒரு துண்டை மட்டும் செய்கிற வேறொன்று என்று என்னென்னவோ சுற்றி வளைத்தேன். அம்மா கொஞ்ச நேரம் சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "பாம்பு உரிச்சுப் போட்ட சட்டை மாதிரின்னு சொல்லு. உருவம் இருக்கும், உள்ள பாம்பு இருக்காது."

இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் அம்மாவின் பழைய மருத்துவச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மூன்று வருஷத்துக்கு முந்தைய பல் டாக்டர் சீட்டு ஒன்று கிடைத்தது. கடைவாய்ப் பல் பிடுங்கி ரத்தம் நிற்காமல் கசிந்த நாள். பஞ்சில் ஏதோ சொட்டு மருந்து நனைத்து ஈறில் அழுத்தி வைத்தார்கள், ஐந்து நிமிஷத்தில் நின்றது என்று நினைவு. சீட்டில் அதன் பெயர் இருந்தது: ஹீமோகோயாகுலேஸ். இதில் சாவி, கொக்கி, வால் நுனி எதுவும் கிடையாது. ஜராராக்காவின் போத்ராப்ஸ் இனப் பாம்புகளின் விஷத்திலிருந்து நேராகப் பிரித்தெடுத்த நொதி. உடம்பு முழுக்கப் பரவினால் உறையும் சரக்கைத் தீர்த்துவிடும்; ஒரு சொட்டு, ஓர் ஈறில் என்றால் கசிவை அடைத்துவிடும். இந்த யோசனையும் புதிதில்லை. 1934-இல் லண்டனில் மக்ஃபர்லேன் என்ற மருத்துவரும், விலங்குக் காட்சிசாலையில் ஊர்வனவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த பார்னெட்டும் ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோயாளிகளின் கசிவுக்கு, பல் பிடுங்கிய குழி உட்பட, ஒரு பாம்பின் விஷத்தை நீர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எந்தப் பாம்பு? மாமாவைக் கடித்த அதே கண்ணாடி விரியன்.

ஐந்து மாதம் விழுங்கியதில் விஷம் இல்லை. ஐந்து நிமிஷம் வாயில் வைத்திருந்ததில் இருந்தது. சீட்டை மடித்துக் கோப்பின் அடியில் வைத்துவிட்டேன். அம்மா நேற்று போன் பண்ணினாள். இடது பக்கம் இன்னொரு பல் ஆடுகிறதாம், வெள்ளிக்கிழமை பிடுங்க வேண்டும், நீ கூட வா என்றாள்.